ஷெட்ல நின்னு நின்னு என்ஜின் ஜாம் ஆன பழைய கார்: அடிக்கடி கேக்குற கேள்விகள்

தாத்தா ஓட்டுன அம்பாசிடர், அப்பா கல்யாணத்துக்கு முன்னாடி வாங்குன பத்மினி, வண்டலூர் ஃபேக்டரில செஞ்ச ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. சென்னைல போர்ட்டிகோல தார்பாய் மூடி நிக்கிற வண்டிங்க பெரும்பாலும் இந்த மூணுல ஒண்ணு தான், அதனால பதில் எல்லாம் இந்த மூணையும் மனசுல வெச்சு எழுதுனது. மூணுமே நாலு சிலிண்டர், புஷ் ராடு (வால்வ கீழேர்ந்து ஒரு கம்பி தள்ளி திறக்குற ரகம்) என்ஜின். அம்பாசிடரோட பழைய 1489 சிசி பெட்ரோல் என்ஜின்ல பிளாக்கும் (சிலிண்டருங்க இருக்குற அடிப்பகுதி) ஹெட்டும் (அதுக்கு மேல மூடி) காஸ்ட் அயர்ன், ஹெரால்டோட 948 சிசியும் அப்படியே. பத்மினி 1089 சிசில மட்டும் பிளாக் காஸ்ட் அயர்ன், ஹெட் அலுமினியம். இந்த வித்தியாசத்த ஞாபகம் வெச்சுக்கோங்க, கீழ நெறைய எடத்துல வரும்.

புது பேட்டரி போட்டு செல்ஃப் அடிச்சா "டக்"குனு ஒரே ஒரு சத்தம், அப்புறம் ஒண்ணுமில்ல. என்ஜின் ஜாம் தானா?

அவசரப்படாதீங்க. என்ஜின் ஜாம்னு சொல்லி வர்ற வண்டில கொஞ்சத்துல என்ஜின் நல்லாவே இருக்கும், வேற எதாவது புடிச்சிட்டு இருக்கும்.

மொதல்ல சந்தேகப்பட வேண்டியது செல்ஃப் மோட்டார். அதோட பினியன் (சின்ன பல் சக்கரம்) ஃப்ளைவீல் பல்லுல போய் மாட்டிக்கிட்டு திரும்பி வராம நிக்கும், அப்ப என்ஜினும் சுத்தாது செல்ஃபும் சுத்தாது. அம்பாசிடர், ஹெரால்டுல வர்ற பழைய லூகாஸ் டைப் செல்ஃபா இருந்தா (நம்ம சென்னை பாடி ஏரியால 1961லேர்ந்து இருக்குற லூகாஸ் டிவிஎஸ் தான்) பின் பக்கம் சின்ன மூடிக்கு உள்ள ஷாஃப்ட் முனை சதுரமா இருக்கும், அதுல ஸ்பேனர் போட்டு திருப்புனா பினியன் விடுபடும். இல்லன்னா பேட்டரி வயரக் கழட்டிட்டு செல்ஃபயே இறக்கிடுங்க, எப்படியும் அந்த ஓட்டை அப்புறம் தேவைப்படும்.

அடுத்து ஃபேன் பெல்ட்ட கழட்டுங்க. டைனமோ பேரிங்கோ வாட்டர் பம்ப்போ இறுகி இருந்தா பெல்ட் வழியா கிராங்க்கையும் (பிஸ்டன் ஏறி எறங்குறத சுத்தா மாத்துற ஷாஃப்ட்) புடிச்சு வெச்சிருக்கும். கியர் நியூட்ரல்ல இருக்கான்னு ஒருத்தர் உள்ள உக்காந்து பாருங்க. கடைசியா நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழட்டுங்க, ஏன்னா சிலிண்டர் உள்ள தண்ணி நின்னா அது அமுங்காது, பிஸ்டன் மேல வர வழியில்லாம அப்படியே நிக்கும். பிளக்க எடுத்ததும் தண்ணி பீச்சி அடிச்சு என்ஜின் ஃப்ரீயா சுத்துனா சந்தோஷம், ஆனா தண்ணி எங்கேர்ந்து வந்துச்சுன்னு தேடணும்.

இவ்ளோ பண்ணியும் நகரலன்னா தான் ஜாம்.

ஓடிட்டு இருந்த வண்டி தான், சும்மா நின்னதுக்கு ஏன் இப்படி ஆகுது?

சும்மா நின்னதால தான். ஓடுற என்ஜின்ல சிலிண்டர் சுவர் மேல எப்பவும் ஆயில் படலம் இருக்கும், நிறுத்தி வெச்சா அது மெதுவா வழிஞ்சு கீழ போயிடும். நாலு சிலிண்டர் என்ஜின எங்க நிறுத்துனாலும் ஏதோ ஒரு சிலிண்டர்ல வால்வு திறந்து தான் நிக்கும். அந்த வழியா ஏர் கிளீனர் பக்கத்துலேர்ந்தோ சைலன்சர் பக்கத்துலேர்ந்தோ வெளிக்காத்து உள்ள போகும். நம்ம ஊர் காத்துல ஈரம் எவ்ளோன்னு உங்களுக்கே தெரியும், பெசன்ட் நகர் திருவான்மியூர் பக்கம்னா உப்பும் சேர்ந்து வரும். ராத்திரி இரும்பு குளிர்ந்ததும் உள்ள வேர்க்கும். பிஸ்டன சுத்தி இருக்குற ரிங்கும் இரும்பு, போரும் (சிலிண்டரோட உள் சுவர்) இரும்பு, ரெண்டும் தொட்டுட்டு இருக்குற எடத்துல துரு புடிச்சு ஒண்ணோட ஒண்ணு பல்லு கடிச்ச மாதிரி நிக்கும். பிஸ்டன் அலுமினியம், அது துருப்புடிக்காது, ஆனா தண்ணி நின்னா வெள்ளையா பூத்து உப்பி இடைவெளிய அடைச்சிடும்.

இன்னொரு வழி ஹெட் கேஸ்கெட், ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்குற சீல். ரேடியேட்டர்ல கூலன்ட் இல்லாம போர்வெல் தண்ணிய ஊத்தி ஓட்டுன வண்டில கேஸ்கெட் ஓரம் அரிச்சு, நிறுத்துனதுக்கு அப்புறம் தண்ணி சொட்டு சொட்டா சிலிண்டர்ல எறங்கும். டிப் ஸ்டிக் எடுத்துப் பாருங்க, ஆயில் காபி கலர்ல பால் கலந்த மாதிரி இருந்தா இது தான் கதை.

வண்டிய டோ பண்ணி டாப் கியர்ல கிளட்ச்ச விட்டா ஜாம் விட்டுடும்னு எங்க ஏரியா மெக்கானிக் சொல்றாரு?

விடும். கூடவே கனெக்டிங் ராடு வளையும், பிஸ்டன் ரிங் துண்டு துண்டா உடையும், ரிங் உக்கார்ற பிஸ்டன் விளிம்பு பேர்ந்து வரும். இழுக்குற வண்டி ஒரு டன் எடைய மொத்தமா அந்த ஒரு பிஸ்டன் மேல போடுது, துரு எந்த எடத்துல விடணும்னு அதுக்கு தெரியாது. பெரிய பேட்டரி போட்டு செல்ஃப்ப விடாம அடிக்கிறதும் இதே ரகம் தான். நூறு மில்லி ஆயிலும் பொறுமையும் போதுமா இருந்த வேலை அப்புறம் ரீபோர் (சிலிண்டர கடைஞ்சு பெருசாக்குறது), பிஸ்டன் செட், கிராங்க் கிரைண்டிங்னு போய் நிக்கும்.

சரி, உள்ள என்ன ஊத்தணும்? டீசலா, மண்ணெண்ணெயா, டபிள்யூடி-40யா?

இந்த கேள்விக்கு ஆளுக்கு ஒரு பதில் வெச்சிருக்காங்க, ஒவ்வொருத்தரும் அவங்களோடது தான் பெஸ்ட்டுனு சண்டைக்கு வருவாங்க. என் கணக்குப்படி அசிட்டோனும் ஏடிஎஃப்பும் சரிபாதி. ஏடிஎஃப்னா ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்ல ஊத்துற அந்த செவப்பு ஆயில், எந்த ஸ்பேர் கடைலயும் கெடைக்கும், அசிட்டோன் பாரிமுனை பக்கம் கெமிக்கல் கடைல லிட்டர் கணக்குல வாங்கலாம். அசிட்டோன் ரொம்ப மெல்லிசு, சந்துல ஏடிஎஃப்ப இழுத்துட்டு போயிட்டு தான் ஆவியாயிடும், ஏடிஎஃப் உள்ளயே தங்கும். ரெண்டும் சரியா கலக்காம பிரிஞ்சு நிக்கும், அதனால ஒவ்வொரு தடவையும் குலுக்கி உடனே ஊத்துங்க. கண்ணாடி பாட்டில் இல்ல தகர டப்பா, தெர்மகோல் கப்புல எல்லாம் ஊத்துனா கப்பு கரைஞ்சு கைல வரும். பெயின்ட் மேல பட்டா பெயின்டும் போச்சு, ஃபெண்டர் மேல பழைய போர்வைய போட்டுக்கோங்க. முக்கியமா, பெட்ரோல் மாதிரியே சட்டுனு தீப்புடிக்கிற சமாச்சாரம், பக்கத்துல பீடி சிகரெட் வெல்டிங் எதுவும் கூடாது.

டீசலும் வேலை செய்யும், மெதுவா. மண்ணெண்ணெய் பிசினு கரைக்க நல்லது, துருவுக்கு அவ்ளோ இல்ல. டபிள்யூடி-40 வெளில இருக்குற போல்ட் நட்டுக்கு சரி, சிலிண்டருக்குள்ள ஊற வைக்க அது ரொம்ப லேசு, காசும் தண்டம்.

ஊத்துறதுக்கு முன்னாடி பிளக் ஓட்டை வழியா டார்ச் அடிச்சு பாருங்க. செல்ஃபோன்ல மாட்டுற சின்ன கேமரா வயர் இப்ப சீப்பா கெடைக்குது, அது இருந்தா இன்னும் நல்லது. மந்தவெளில தெரிஞ்சவரோட ஹெரால்டுல இப்படி பாத்தப்ப மூணு சிலிண்டர் சுவர் கருப்பா பளபளன்னு, ஒரே ஒரு சிலிண்டர்ல மட்டும் பிஸ்டன் ஓரத்துல செங்கல் தூள் மாதிரி ஒரு வளையம், அந்த வளையத்துக்கு மேல சுவர்ல தண்ணி நின்ன கோடு. மத்த மூணுக்கும் ஒரு மூடி ஆயில் போட்டுட்டு மொத்த கவனமும் அந்த ஒண்ணு மேல வெச்சா போதும்னு அப்பவே தெரிஞ்சு போச்சு.

ஒரு சிலிண்டருக்கு 30லேர்ந்து 50 மில்லி போதும். ஊத்திட்டு பிளக்க சும்மா விரலால ரெண்டு சுத்து மாட்டி வைங்க, பூச்சி தூசி விழாம.

எவ்ளோ நாள் ஊறணும்?

லேசான துருன்னா ரெண்டு மூணு நாள். நல்லா புடிச்சதுன்னா ரெண்டு வாரம், ஒரு மாசம் கூட ஆகலாம். தெனமும் பாருங்க, ஊத்துனது கொறைஞ்சிருந்தா நல்ல சகுனம், ரிங் சந்துல எறங்குதுன்னு அர்த்தம், திரும்ப ஊத்துங்க. அப்படியே நிக்குதுன்னா வழி இன்னும் கெடைக்கல. கீழ எறங்குறது எல்லாம் சம்ப்ல (என்ஜின் அடில இருக்குற ஆயில் தொட்டி) ஆயிலோட கலக்கும், அதனால ஃப்ரீ ஆனதும் ஆயில மாத்தாம ஸ்டார்ட் பண்ணவே கூடாது.

எப்படி சுத்தி பாக்கணும்? எவ்ளோ பலம் குடுக்கலாம்?

சுத்துறதுக்கு முன்னாடி என்ஜின் உச்சில இருக்குற டாப்பெட் கவர கழட்டி ராக்கர் ஷாஃப்ட்ட (புஷ் ராடு தள்ளுறத வால்வுக்கு கடத்துற லிவருங்க இருக்குற தண்டு) எடுத்துடுங்க. பல பேர் இத விட்டுடுவாங்க. பிஸ்டன் மட்டும் இல்ல, வால்வும் கைடுக்குள்ள இறுகி இருக்கலாம், நீங்க கிராங்க்க சுத்துனா கேம் புஷ் ராட தள்ளும், வால்வு எறங்காது, ராடு வளையும். ராக்கர எடுத்துட்டா அந்த கவலை இல்ல, எல்லா வால்வும் ஸ்பிரிங் பலத்துல மூடி நிக்கும், மூடாம நிக்கிறது எதுன்னும் கண்ணுக்கு தெரிஞ்சிடும்.

இப்ப கிராங்க் புல்லி முன்னாடி இருக்குற பெரிய நட்டுல சாக்கெட் போட்டு, ரெண்டு அடி ஹேண்டில்ல, ஒரு ஆள் பலம். முன்னாடி நின்னு பாத்தா கடிகாரம் சுத்துற பக்கம். எதிர் பக்கம் அழுத்துனா என்ஜின் நகர்றதுக்கு பதிலா நட்டு லூசாகும், அது நகர்ந்துச்சுன்னு நெனச்சு ஏமாறாதீங்க, புல்லில ஒரு சாக்பீஸ் கோடு போட்டு வெச்சு அதப் பாருங்க. ஹேண்டில் போடுற ஓட்டை இருக்குற பழைய மாடல்ல ஸ்டார்டிங் ஹேண்டிலயே போட்டு பாக்கலாம், ஆனா கட்ட விரல் மத்த விரலோட ஒரே பக்கம் இருக்கட்டும், பேட்டரி வயர் கழண்டே இருக்கட்டும்.

எதிர் பக்கமும் ஆட்டணும்னா செல்ஃப் இருந்த ஓட்டை வழியா ஃப்ளைவீல் ரிங் கியர் பல்லுல நல்ல தடிமனான ஸ்க்ரூ டிரைவரோ லிவரோ குடுத்து நெம்பலாம். பாதுகாப்பான வழி இன்னொண்ணு இருக்கு. பிளக் எல்லாம் கழண்டு இருக்கும்போது டாப் கியர் போட்டு, தரை சமமா இருக்குற எடத்துல வண்டிய கையால முன்னையும் பின்னையும் ஆட்டுறது. தள்ளுறதில்ல, ஆட்டுறது. ரெண்டு பேர் போதும்.

மொதல் அசைவு ரொம்ப சின்னதா இருக்கும், ரிங் கியர்ல ஒரு பல்லு ரெண்டு பல்லு. பழைய கதவு கீல் மாதிரி ஒரு முனகல் கேக்கும், பிளக் ஓட்டைல நிக்கிற செவப்பு ஆயில் லேசா ஆடும். அங்க தான் எல்லாரும் உற்சாகத்துல ஒரே இழுப்பா இழுத்து ரிங்க உடைக்கிறாங்க. நிறுத்துங்க. அதே ரெண்டு பல்லு தூரத்துக்கு முன்ன பின்ன ஆட்டுங்க, கொஞ்சம் ஊத்துங்க, மறுநாள் வாங்க. மறுநாள் அஞ்சு பல்லு வரும். துரு தூள் ஆயிலோட கரைஞ்சு வெளில வர்றதுக்கு நேரம் குடுத்தா போர்ல கோடு விழாது.

எல்லாம் பண்ணியாச்சு, ஒரு இம்மி கூட நகரல?

ஒரு கணக்க பாருங்க. இந்த என்ஜின்ல 1ம் 4ம் சேர்ந்து மேல போகும், அப்ப 2ம் 3ம் கீழ நிக்கும். பிஸ்டன் சரியா உச்சிலயோ அடிலயோ நின்னு புடிச்சிருந்தா கிராங்க் சுத்துற பலம் அதுக்கு போகவே போகாது, ராடு நேரா நிக்கும், நெம்பு கெடைக்காது. நாலும் நடு வழில நின்னா தான் உங்க ஹேண்டில் பலம் முழுசா வேலை செய்யும். பிளக் ஓட்டைல ஒரு குச்சி விட்டு ஆழம் பாத்தா எங்க நிக்குதுன்னு தெரிஞ்சிடும். உச்சில புடிச்ச என்ஜின ஹேண்டில் போட்டு மணிக்கணக்கா நெம்பி முதுக ஒடிச்சுக்காதீங்க, ஹெட்ட கழட்டுங்க, சம்ப்ப இறக்குங்க.

சம்ப் எறங்குனா இன்னொரு வசதி. கனெக்டிங் ராடு கேப்ப ஒவ்வொண்ணா லூஸ் பண்ணிட்டு வந்தா எந்த சிலிண்டர் புடிச்சிருக்குன்னு கையிலயே தெரியும், குற்றவாளியோட கேப்ப கழட்டுனதும் கிராங்க் சுத்தும். கேப் எல்லாம் அந்தந்த ராடுக்கு, அந்தந்த பக்கத்துக்கு தான். கழட்டும் முன்னாடி நம்பர் பஞ்ச் பண்ணுங்க, பெயின்ட்ல போட்டா அழிஞ்சிடும்.

பத்மினில ஹெட் நட்டு எல்லாம் கழட்டியாச்சு, ஹெட் மேல வர மாட்டேங்குது.

அலுமினியம் ஹெட், ஸ்டீல் ஸ்டட் (நட்டு மாட்ட நீட்டிட்டு நிக்கிற தலையில்லாத போல்ட்), நடுவுல தண்ணி. ரெண்டு வேற உலோகத்துக்கு நடுவுல ஈரம் இருந்தா சின்ன பேட்டரி மாதிரி வேலை செஞ்சு அலுமினியம் அரிச்சு வெள்ளைப் பொடியாகி ஸ்டட்ட சுத்தி சிமென்ட் போட்டது மாதிரி இறுகிடும். ஒவ்வொரு ஸ்டட் ஓட்டை ஓரமும் அந்த அசிட்டோன் கலவைய சொட்டு சொட்டா விட்டு, ஸ்டட் தலைல (நட்ட மேல மரைக்கு சமமா வெச்சுட்டு) சின்ன சுத்தியலால தட்டுங்க, ஓங்கி அடிக்க வேண்டாம், அதிர்வு தான் வேணும். நாலு நாள் இப்படி. ஹெட் பக்கவாட்டுல மரக்கட்டைய வெச்சு தட்டலாம்.

பண்ணவே கூடாதது, ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல உளிய ஸ்க்ரூ டிரைவர விட்டு நெம்புறது. அந்த முகம் கீறுனா லேத்துக்கு போய் ஃபேஸ் பண்ணணும் (சமமா சீவணும்), பத்மினி ஹெட் ஏற்கனவே ரெண்டு தடவ ஃபேஸ் பண்ணி தேஞ்சு போயிருந்தா அதுக்கு மேல எடுக்க சதையும் இருக்காது.

என்ஜின் சுத்துது, ஹெட் மட்டும் தான் புடிச்சிருக்குன்னா ஒரு அழகான வழி உண்டு. ராக்கர் கழட்டுன நெலைல பிஸ்டன கீழ எறக்கி, பிளக் ஓட்டை வழியா பருத்தி கயிற திணிச்சு, நுனிய வெளில விட்டு, கிராங்க்க கையால சுத்துங்க. பிஸ்டன் கயிற அமுக்கி ஹெட்ட நேரா மேல தூக்கும். நட்டுங்க ஸ்டட்ல ரெண்டு மரை நிக்கட்டும், இல்லன்னா ஒரு பக்கமா எகிறி கோணிக்கும்.

மேனிஃபோல்ட் (ஹெட்ல மாட்டுற காத்து, பொகை குழாய்) ஸ்டட் உடைஞ்சு பாதி உள்ளயே நின்னுடுச்சு. ஈஸி அவுட் போடலாமா?

அதுக்கு முன்னாடி ஒரு விஷயம், அடுத்த ஸ்டட் உடையாம இருக்க. அம்பாசிடர், ஹெரால்டுல இருக்குறது இன்ச் சைஸ் போல்ட், பத்மினில எம்எம். எம்எம் ஸ்பேனர இன்ச் நட்டுல போட்டு திருகுனா மூலை மழுங்கி, அப்புறம் பைப் ரெஞ்ச், அப்புறம் உளி, அப்புறம் உடைசல். இன்ச் செட் ஒண்ணு செகண்ட் ஹேண்ட்லயாவது வாங்கி வைங்க. கழட்டும்போது ஒரே பக்கம் திருகாம மொதல்ல கொஞ்சம் டைட் பண்ற பக்கம் ஒரு தட்டு, அப்புறம் லூஸ் பண்ற பக்கம். ஸ்டட் முழுசா இருந்தா ரெண்டு நட்டு போட்டு ஒண்ணோட ஒண்ண பூட்டி, கீழ் நட்ட திருகி ஸ்டட்டயே வெளில எடுத்துடலாம்.

உடைஞ்சது வெளில கொஞ்சம் நீட்டிட்டு இருந்தா அது மேல ஒரு நட்ட வெச்சு உள்ள வெல்டிங் அடிக்கிறது தான் என் ஓட்டு. வெல்டிங் சூடே பாதி வேலைய முடிச்சிடும், ஆறுனதும் மெழுகு தொட்டு மெதுவா திருகுனா வரும். ஹெட்டோட சமமா உடைஞ்சதுன்னா நடு சென்டர் பஞ்ச், லெஃப்ட் ஹேண்ட் டிரில் பிட். அது சுத்துற பக்கமே கழட்டுற பக்கம்ங்கறதால டிரில் பண்ணும்போதே சில சமயம் கழண்டு வந்துடும்.

ஈஸி அவுட், அதாவது உடைஞ்ச ஸ்டட்ல ஓட்டை போட்டு உள்ள திருகி இழுக்குற டூல், பேர்ல தான் ஈஸி. அது கெட்டி ஸ்டீல், உள்ள உடைஞ்சா சாதாரண டிரில் பிட் அது மேல வழுக்கிட்டு போகும். அந்த நெலைக்கு போயிட்டா கைல எதுவும் பண்ணாதீங்க, அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஸ்பார்க் ஈரோஷன் மெஷின் வெச்சிருக்குற டை மேக்கிங் பட்டறைல குடுத்தா மரைய தொடாம உருக்கி எடுத்துக் குடுப்பாங்க. மரை போயிட்டா ஹெலிகாயில் (புது மரையா உள்ள போடுற கம்பிச் சுருள்) போட்டுக்கலாம், அதுல ஒண்ணும் கேவலம் இல்ல.

கேஸ் டார்ச்ல சூடு காட்டலாமா?

காஸ்ட் அயர்ன்ல இருக்குற நட்டுக்கு, தாராளமா. நட்டு மங்கலான செவப்பு வர்ற வரைக்கும் காட்டி, கொஞ்சம் ஆற விட்டு, மெழுகுவர்த்திய மரை ஓரத்துல தொட்டா மெழுகு உருகி உள்ள இழுத்துட்டு போகும். அலுமினியத்துல வேண்டாம், அது செவக்காது, 660 டிகிரி வந்ததும் எந்த எச்சரிக்கையும் இல்லாம பொலபொலன்னு கீழ விழும். அசிட்டோன் ஊத்துன சிலிண்டர் பக்கத்துல டார்ச்ச எடுத்துட்டு வரவே கூடாது, கார்பரேட்டர், பெட்ரோல் பம்ப், பெட்ரோல் லைன் எல்லாம் கழட்டி தூரமா வெச்சப்புறம் தான்.

ஹெட் கழண்டாச்சு, பிஸ்டன் கண்ணுக்கு தெரியுது. இப்ப சுத்தியல் எடுக்கலாமா?

மரக்கட்டையோட எடுக்கலாம். மொதல்ல பிஸ்டனுக்கு மேல தெரியுற போர் சுவர்ல இருக்குற துருவ எமரி பேப்பர், ஆயில் போட்டு கையால சுத்தமா எடுங்க, மேல் விளிம்புல விரல் வெச்சா ஒரு படி தட்டும், ரிங் போகாத எடம் தேயாம நிக்கிற படி அது, அதையும் எடுக்கணும், இல்லன்னா பிஸ்டன் மேல வரும்போது ரிங் அதுல மோதி பிஸ்டன் விளிம்பு உடையும். ராடு கேப்ப கழட்டிட்டீங்களா? கழட்டாம உச்சில நிக்கிற பிஸ்டன அடிச்சா அந்த அடி மொத்தமும் ராடு வழியா பேரிங்குக்கும் கிராங்குக்கும் போகும்.

போர் அளவுக்கு கொஞ்சம் சின்னதா வட்டமான தேக்கோ கருவேலமோ, பிஸ்டன் முழு தலை மேலயும் உக்கார்ற மாதிரி. நடுவுல மட்டும் அடிச்சா பிஸ்டன் தலை ஓட்டையாகும், அலுமினியம் தானே. கொஞ்சம் கீழ, அப்புறம் கீழேர்ந்து மேல, ஆயில் விட்டு, திரும்ப கீழ. ரிங் எப்படியும் மாத்தணும், பிஸ்டன் பொழச்சா லாபம், போர் பொழச்சா பெரிய லாபம்.

வெள்ளத்துல முங்குன வண்டி?

2015 டிசம்பர்லயும் 2023 மிக்ஜாம் புயல்லயும் இந்த கேள்வி கொட்டுச்சு. முங்குன வண்டில நேரம் தான் எல்லாம். சாவியத் தொடாதீங்க. தண்ணி வடிஞ்ச அன்னைக்கே பேட்டரி வயர கழட்டி, பிளக்க எடுத்து, கையால சுத்தி தண்ணிய வெளியேத்தி, ஒவ்வொரு சிலிண்டர்லயும் ஆயிலோ டீசலோ ஊத்தி வெச்சுட்டா அப்புறம் மெக்கானிக் வர்ற வரைக்கும் ஒரு வாரம் கூட தாங்கும். இன்ஷூரன்ஸ் ஆள் வந்து பாக்கட்டும்னு அப்படியே விட்டா சிலிண்டர்ல நிக்கிற தண்ணி ஒரு சில நாள்லயே துரு வளையம் போட்டுடும். ஃபோட்டோ எடுத்து வெச்சுட்டு வேலைய பாருங்க. சம்ப், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் மூணுலயும் ஆயில மாத்தணும்.

கோக் ஊத்துனா துரு போகும்னு வீடியோல பாத்தேன். புளி? வினிகர்?

கோக்க குடிச்சுடுங்க. கழட்டுன சின்ன இரும்பு பார்ட்ஸ வினிகர்லயோ சிட்ரிக் ஆசிட் தண்ணிலயோ ஊற வெச்சு கழுவி உடனே ஆயில் தடவுறது நல்ல முறை தான், என்ஜினுக்குள்ள வேண்டாம், அமிலம் தங்கி பேரிங்க திங்கும். காஸ்டிக் சோடா அலுமினியத்த கரைச்சே போட்டுடும், பத்மினி ஹெட்ட, கார்பரேட்டர அதுல முக்குனவங்க இருக்காங்க.

ஃப்ரீ ஆயிடுச்சு! ஸ்டார்ட் பண்ணிடலாமா?

இருங்க இருங்க. கையால முழு ரவுண்டு பல தடவ சுத்துங்க, ஒரே எடத்துல திரும்பத் திரும்ப இறுகுதான்னு பாருங்க. சம்ப்ல ஆயில வடிச்சு புது 20டபிள்யூ-50, புது ஃபில்டர். ராக்கர மாட்டும் முன்னாடி ஒவ்வொரு வால்வு தலையையும் மர சுத்தியலால தட்டி எறங்கி எகிறி வருதான்னு பாக்கணும், சோம்பேறியா மெதுவா ஏறுனா ஸ்டெம்ல ஆயில் விட்டு திரும்ப திரும்ப தட்டுங்க.

அப்புறம் பிளக் இல்லாம, காயில் வயர கழட்டிட்டு, பிளக் ஓட்டை மேல பழைய துணிய போட்டுட்டு செல்ஃப் அடிங்க. உள்ள மிச்சம் இருக்குற ஆயில், டீசல் எல்லாம் ஃபவுன்டன் மாதிரி வரும், அதனால தான் துணி, அதனால தான் காயில் வயர். ஆயில் லைட் அணையிற வரைக்கும் இப்படியே, விட்டு விட்டு. அது அணைஞ்சா தான் பேரிங்குக்கு ஆயில் போயிடுச்சுன்னு அர்த்தம்.

கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டர் அழுத்தம் அளக்குற மீட்டர்) போட்டு நாலு சிலிண்டர் அளவையும் எழுதி வைங்க. நம்பர் எவ்ளோங்கறத விட நாலுக்கும் நடுவுல வித்தியாசம் எவ்ளோங்கறது முக்கியம். ஒண்ணு மட்டும் கொறைஞ்சா அதுல ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு திரும்ப பாருங்க, ஏறுனா ரிங், ஏறலன்னா வால்வு. ரிங்கா இருந்தாலும் ஒடனே பிரிக்காதீங்க, ஒட்டிட்டு இருந்த ரிங் சில நூறு கிலோமீட்டர் ஓடுனா விட்டு கொடுத்து கம்ப்ரஷன் ஏறுறது சகஜம்.

டேங்க்ல இருக்குற பழைய பெட்ரோல்ல ஸ்டார்ட் பண்ணாதீங்க, தனி கேன்ல புது பெட்ரோல். மொதல் ஸ்டார்ட்ல தெருவே தெரியாத அளவுக்கு பொகை வரும், சைலன்சர்ல தங்குன ஆயில் எரியுது, பக்கத்து வீட்ல முன்னாடியே சொல்லி வைங்க, மூடுன ஷெட்டுக்குள்ள மட்டும் ஸ்டார்ட் பண்ண வேண்டாம். அரை மணி நேரத்துல பொகை கொறையணும்.

என்ஜின் ஓடுது, ஆனா கிளட்ச் அமுக்குனாலும் கியர் விழல.

கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோட ஒட்டிருக்கு. பெடல ஒரு கட்டைய குடுத்து அமுக்கியே ரெண்டு நாள் வைங்க, அப்படியும் விடலன்னா என்ஜின் சூடானதும் நிறுத்தி, டாப் கியர் போட்டு, கிளட்ச் அமுக்கியபடியே காலியான எடத்துல செல்ஃப் அடிச்சா பெரும்பாலும் விடும்.

ரீபோர் பண்ணணும்னா, பார்ட்ஸ் வேணும்னா சென்னைல எங்க போறது?

புது ஸ்பேர், கேஸ்கெட், ரிங் செட்டுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. பழைய பார்ட்ஸ், பிளாக், ஹெட், கியர்பாக்ஸுக்கு புதுப்பேட்டை. கைல பழைய பார்ட்ட எடுத்துட்டு போங்க, வாயால வெவரம் சொன்னா எதையாவது தலைல கட்டிடுவாங்க. போர் பண்ண குடுக்கும்போது மொதல்ல ஓவர் சைஸ் பிஸ்டன் கைல வாங்கிட்டு, அத பட்டறைல குடுத்து அளந்து அதுக்கு தகுந்த மாதிரி போர் பண்ண சொல்லுங்க. போர மொதல்ல பெருசாக்கிட்டு பிஸ்டனுக்கு ஊர் ஊரா அலையுறவங்க உண்டு.

"எதுக்கு சார் இவ்ளோ கஷ்டம், டீசல் என்ஜின் ஒண்ணு எறக்கிடலாம்"ங்கறாங்களே?

ஆர்சி புக்ல என்ஜின் நம்பர் இருக்கு. ஆர்டிஓ அனுமதி இல்லாம மாத்துனா மோட்டார் வாகன சட்டம் 52ஆம் பிரிவுல மாட்டும். அதோட, 2021ல மத்திய அரசு கொண்டு வந்த விதிப்படி 50 வருஷம் தாண்டுன வண்டிய விண்டேஜ்னு பதிவு பண்ணி விஏ நம்பர் பிளேட் வாங்கலாம், புது பதிவுக்கு 20,000 ரூபா, பத்து வருஷத்துக்கு. சேசிஸ், பாடி, என்ஜின்ல பெரிய மாத்தம் இல்லாம ஒரிஜினலா இருக்கணும்ங்கறது அதுக்கு நிபந்தனை. அந்த வயசு தாண்டுன ஹெரால்டுக்கோ அம்பாசிடருக்கோ இப்ப சொந்த பிளாக் தான் சொத்து. ரெண்டு வாரம் ஆயில் ஊத்தி காத்திருக்க முடியாம அத எடைக்கு போட சொல்றவர்கிட்ட வண்டிய விடாதீங்க.

திரும்ப ஓட்டாம நிறுத்தணும், வெளிநாடு போறேன். என்ன பண்ணிட்டு போறது?

புது ஆயில் மாத்திட்டு, தண்ணிக்கு பதிலா நல்ல கூலன்ட் போட்டு, பெட்ரோல வடிச்சுட்டு போங்க (இப்ப பங்க்ல வர்ற எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்த இழுக்கும், பழைய ரப்பர் ஹோஸையும் கெடுக்கும்). ஒவ்வொரு சிலிண்டர்லயும் ரெண்டு ஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு கையால நாலு சுத்து. வீட்ல இருக்குறவங்க யாராவது மாசம் ஒரு தடவ ஹேண்டில்லயோ ஸ்பேனர்லயோ ஒண்ணே கால் ரவுண்டு சுத்துனா போதும், பிஸ்டன் பழைய எடத்துலயே நிக்காம இருக்க அந்த கால். ஏர் கிளீனர் வாயையும் சைலன்சர் வாயையும் ஆயில் தொட்ட துணியால அடைச்சு, "துணி இருக்கு"ன்னு ஸ்டியரிங்ல ஒரு சீட்டு கட்டி விடுங்க.